அறுபதுக்குள்

படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பின்னால்,
பன்னிரண்டு மீற்றர்கள்.
எங்களுடையது ஏழாவது, கண்ணாடியில் கீறல் விழுந்தது.
காலையில் பாண் வாங்கப் போகையில் ஒருதரம்,
பின்னேரம் பிள்ளையைக் கூட்டிவருகையில் ஒருதரம்
குனிந்து பார்க்கிறேன்.
மூன்றாம் மாடி பௌசியா ராத்தா
படியில் நின்று கேட்கிறார்:
"என்ன, காய்ச்சல் இறங்கிட்டா அதுக்கு?"

அறுபது யூனிட் வரைக்கும் ஒரு விலை.
அறுபத்தொன்றில் கால் வைத்தால்
முதல் யூனிட்டிலிருந்தே முகம் மாறும்.
அறுபதுக்குள் எங்கள் வீடு.
அதற்கு அப்பால் கடல்.

ஃபிரிட்ஜ் இரவு பத்துக்குப் படுக்கும்.
சேட்டுகளுக்கு ஞாயிறு மட்டும் அயன்;
கடைசி இரண்டும், சுவிட்சை நிற்பாட்டிய பிறகு
மிச்சச் சூட்டில்.
சோறு ஒரு கொதி வந்ததும் இறக்கி
டெஸ்மனின் கம்பளிச் சட்டையால் சுற்றி வைக்கிறேன்.
நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்துச் சட்டை,
கொட்டாஞ்சேனையில் அதற்கு
இப்போதுதான் ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது.
இந்த முறை காஸ் மூன்று மாதம் வந்தது.
ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்பட்டுவிடும்.

தேங்காயில் மூன்றாம் பால் வரை பிழிந்தேன்.
நாலாவதற்கு டெஸ்மன் பெயர் வைத்தார்: தீர்த்தம்.
தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை
ஈரத்தோடு அழுத்தி ஒட்டி ஒன்றாக்கியதை,
பச்சை, வெள்ளை, ரோஸ்,
எந்த நாட்டுக் கொடி என்று
ரொஷெல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தொன்பதாம் நாள் ஐம்பத்தெட்டு.
முப்பதாம் நாள் ஐம்பத்தொன்பது.
அன்றைக்குத்தான் மீற்றர் பார்க்கிறவர் வரவேண்டும்.
வரவில்லை. மழை.
மறுநாளும் மழை.
யன்னலால் எட்டி எட்டி
ரோட்டில் போகிற குடைகளை எல்லாம் பார்த்தேன்;
பெண்பார்க்க வருகிறவர்களுக்குக்கூட
நான் இப்படிக் காத்திருந்ததில்லை.
பின்னேரம் இறங்கிப் போனால்
அறுபது.

மெயின் சுவிட்சை இறக்கினேன்.

மீன் குழம்பு
ராத்தாவின் ஃபிரிட்ஜில் அகதியானது.
நாளைக்குரிய சேட்டை மடித்து
மெத்தைக்கடியில் வைத்துப் படுத்தோம்;
காலையில் தேவையில்லாத இடத்தில்
கத்தி மாதிரி ஒரு மடிப்பு.
அதோடுதான் புறக்கோட்டைக் கடைக்குப் போனார்,
கேட்டால் இதுதான் இப்போது பாஷன் என்று சொல்வாராம்.

இரண்டாவது இரவும் பல்கனியில்,
மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் நட்டு.
கட்டடங்களுக்கிடையில் ஒரு விரற்கடை துறைமுகம் தெரியும்.
அதில் ஒரு கப்பல்
கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.
"அவங்கட மீற்றர் எங்கப்பா இருக்கும்?"
டெஸ்மன் யோசித்தார்.
"கடலுக்கடியில. அதான் ஒருத்தரும்
பார்க்கப் போறதில்ல."
ரொஷெல் சிரித்ததில் திரி அணைந்தது.
திரும்பக் கொளுத்த
மூன்று குச்சி செலவு.
சுவரில் முயல் வந்தது, நாய் வந்தது,
கணக்கு ரீச்சரின் மூக்கு வந்தது.
அவர் பாடினார்கூட,
பாதிப் பாட்டு.

மூன்றாம் நாள், பதினொரு மணிக்கு வந்தான்.
சின்னப் பையன், நனைந்த சப்பாத்து.
மெஷின் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டியது:
அறுபது.
பிளேன்டீ கொடுத்தேன்,
சீனி இரண்டு கரண்டி, தட்டிச் சமனாக்காமல்.

மிச்சப்படுத்திய தொகையைக் கலண்டரில் எழுதி
வட்டம் போட்டேன்.
எழுதாமல் விட்டவை:
மெழுகுதிரி இரண்டு பக்கற், தீப்பெட்டி,
ராத்தா வீட்டில் பாதியாகத் திரும்பிய குழம்பு.
கூட்டத் தெரியும் எனக்கு.
கூட்டவில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்தவள் பையைக்கூட இறக்காமல்
"அடுத்த மாசமும் அவர் பிந்துவாரா?" என்றாள்,
ஆசையாக.

மெயினைப் போட்டேன்.
மின்விசிறியை ஐந்தில் வைத்து
ஐந்து நிமிடம் கீழே நின்றேன்.
பிறகு
இரண்டுக்கு இறக்கினேன்.