எண்பத்தொன்பது

பினாங்கு பெரியாஸ்பத்திரி, பன்னிரண்டாம் கட்டில்.
ஏழு வாரத்து என் மகனுக்கு
மூச்சு விடுவது இப்போது முழுநேர வேலை.
விலா எலும்புகளுக்கு நடுவே தோல்
உள்ளே போய்ப் போய் வருகிறது,
யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல.

அவன் முகத்தை நான் பார்ப்பதே இல்லை.
பெட்டியின் எண்ணைத்தான்.
தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றொன்று.
எண்பத்தொன்பதில் அது கத்தும்.
கத்தினால் நூர்ஹயாத்தி மிஸ்ஸி வருவாள்,
ஓடி வரமாட்டாள்; எனக்கு அதுவே தைரியம்.
உப்புநீர் இரண்டு சொட்டு, அப்புறம் உறிஞ்சுகுழாய்.
இத்தனூண்டு மூக்கில் இவ்வளவு சளியா.

இந்தக் கிருமிக்கு மருந்தில்லை என்றார் டாக்டர்,
காற்று கொடுப்போம், காத்திருப்போம்.
காத்திருக்கிறேன்.
மார்பு கனத்து, சட்டை நனைந்து,
பாலை அவன் குடிக்க முடியாமல்
புட்டியில் பீய்ச்சி, தேதி எழுதி.

பக்கத்துக் கட்டில் சியூ பெங்
மைலோ கலக்கி எனக்கும் நீட்டுகிறாள்.
"அஞ்சாம் நாள் திரும்பும்" என்கிறாள் மலாயில்.
அவள் மகளுக்கு இன்று ஆறு.

போனில் தர்வினா.
பாலர் பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்தது
வெறும் இரண்டு தும்மல்.
"தம்பி மூக்குல ஏம்மா பைப்பு?"
அன்று நெற்றியில் நீ தந்த முத்தம், என்று
நானும் சொல்லவில்லை,
ஃபேக்டரி சட்டையோடு அவளருகே உட்கார்ந்திருக்கும்
அவள் அப்பாவும்.
"வந்ததும் நான் கிஸ் குடுக்கணும்" என்கிறாள்.
காலில் கொடு, என்கிறேன்.

விடியற்காலை நாலரைக்கு அழுதான்.
மூன்று நாளாக வாய் மட்டும்தான் அழுதது.
இது சத்தத்தோடு.
வார்டே விழித்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை.
எண்பத்தொன்பது. பெட்டி கத்தியது.
அவன் அதைவிட உரக்க.