கோடு போடாத சதுரம்

பொரளையில், இரண்டாம் மாடி அறையில்
பென்சிலால் எங்கட குடும்பத்தைக் கீறுறா தில்ருக்ஷி மிஸ்.
ஆம்பிளைக்குச் சதுரம். பொம்பிளைக்கு வட்டம்.
வருத்தம் வந்தவைக்குக் கறுப்பு,
செத்தவைக்குக் குறுக்குக் கோடு.

அப்பா, அறுபத்தொன்று. கறுப்பும் கோடும்.
அண்ணன் குலவீரன் இருக்கிறார், மாதம் ஒரு ஊசியோட.
கறுப்பு.
"அப்பான்ர சகோதரங்கள்?"

நாலு பேர், மிஸ்.
ஒராள் எண்பத்து மூன்றில், மருதானையில், கடையோட.
ரெண்டு பேர் ஒரே ஷெல்லில்.
சின்னவரைத் தொண்ணூறில் ஜீப்பில ஏத்தினது;
பிறகு தெரியாது.

பென்சில் நிற்குது.
"அப்ப, இவைக்கும் புரொஸ்டேட்டில வந்திருக்குமோ எண்டு
சொல்ல ஏலாது, என்ன?"

ஏலாது.
அந்த எழுத்துப்பிழை வாய்திறக்க
ஐம்பது வயசாவது வேணும்.
ஆர் விட்டது?

சின்னவருக்குக் கோடு வேண்டாம் எண்டேன்.
சித்தி இன்னும் பொட்டு வைக்கிறா.
மிஸ் ஒண்டும் கேட்கேல்லை.
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டா, மெல்லமா.

என்ர சதுரத்துக்கு நடுவில ஒரு புள்ளி:
பிழை இருக்கு, வருத்தம் இல்லை. இன்னும்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுக்கவேணும்.

பிறகு பென்சில் கீழே இறங்கி
ஒரு வட்டத்தில நிண்டது.
"மகளுக்கு எத்தினை வயசு?"
இருபத்தொன்று. ஏன்?
"பாதிக்குப் பாதி. அவவுக்கெண்டால் மார்பு, சூலகம்."
நான் இதை ஆம்பிளையளின்ர வருத்தம் எண்டெல்லோ
இவ்வளவு நாளும் அவளுக்கு ஒளிச்சனான்.

கனத்தைப் பக்கம் மழை இருட்டுது.
நூற்றைம்பத்துநாலில் யன்னல் சீட்.
பம்பலப்பிட்டி தாண்ட ஆதிரை எடுக்கிறாள்:
வரேக்க பாண் வாங்குங்கோ, ரோஸ் பாண், மறந்திடாதேங்கோ.
ஓமெண்டேன்.

தாள் சட்டைப் பையில, நாலாய் மடிச்சு.
அவளின்ர வட்டத்துக்கு மேலால மடிப்பு விழாமல்
ரெண்டுதரம் பிரிச்சு மடிச்சனான்.