ஏழாம் கேள்வி

ஈயப்பெட்டி விடியவே வந்துவிட்டது.
ஆறு மணித்தியாலத்தில் அதன் பாதி உயிர் போய்விடும்.
ஆகையால்
கேள்விகளை நான் வேகமாகக் கேட்பேன்.

எமல்டா, பாஷையூர், வயது இருபத்தொன்பது.
நுரையீரலில் இரத்தக்கட்டியோ என்று கடிதம் சந்தேகப்படுகிறது.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. கர்ப்பம், இல்லை.
ஏழு: பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை ஏதும்?
மாமியார் முந்திக்கொண்டா,
"அப்பிடி ஒண்டுமில்லை மிஸ், நல்லா விசாரிச்சுத்தான் எடுத்தனாங்கள்."
எமல்டா தன் நகங்களைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
நுனி பருத்து, நாவல் நிறத்தில்.

"அம்மா, வெளியில இருங்கோ, உள்ள கதிர் இருக்கு."

கதவு சாத்தியபின்
தாலிக்கொடியோடு அதையும் கழற்றித் தந்தாள்:
"சின்னனில கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினவை.
பாதை பூட்டினாப்பிறகு போகேல்லை.
கலியாணம் பேசேக்க
வாய் திறக்காதை எண்டு அம்மா..."

ஊசியில் இருப்பது மருந்தல்ல, பிள்ளை.
லட்சக்கணக்கில் மணிகள்,
யாரோ ஒருவரின் இரத்தப் புரதத்தில் செய்தவை.
நெஞ்சின் கடைசி ஒழுங்கைவரை போய்
அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும்.
அடைத்த இடம் ஒளிரும். அதுதான் படம்.
சுகமான நெஞ்சில்
ஆயிரத்துக்கு ஓர் ஒழுங்கை மறிபட்டால் ஊருக்கே தெரியாது.
உனக்கோ மிஞ்சியிருக்கும் பாதைகளே கொஞ்சம்.
வேலியில் பொட்டு வேறு.
அதற்குள்ளால் நுழைந்தால் தலைக்கும் போகும்.

இதில் ஒரு சொல்லும் நான் அவளுக்குச் சொல்லவில்லை.
"கொஞ்சம் பொறுங்கோ" என்று
நிரப்பிய ஊசியை ஈயத்துக்குள் திருப்பி வைத்தேன்.
டொக்டர் வந்தார், கடிதத்தை மறுபடி வாசித்தார்,
நகத்தை அமர்த்திப் பார்த்தார்.
மணிகளைக் குறைத்துப் புதிதாய்க் கலக்கினோம்.

குலுக்கி, இரத்தம் பின்னுக்கு இழுக்காமல், மெல்ல.
"மூச்சை எடுங்கோ எமல்டா.
இன்னும்."

படம் ஊறித்தான் வந்தது.
நெஞ்சுக்குக் கீழே, இருக்கக்கூடாத வெளிச்சமாய்,
இரண்டு சிறுநீரகங்கள்.
அவள் சொல்லாமல் விட்டிருந்தாலும்
இது சொல்லியிருக்கும்,
ஊசி போட்டபிறகு.

"ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?"
"மிசின் பழசு அம்மா."

படிவத்தில் ஏழாவது 'இல்லை'யை வெட்டி எழுதினேன்.
என் கையெழுத்து
மருந்துக்கடைக்காரருக்கே விளங்காது.

இரவு சைக்கிளில் பண்ணைப் பாலத்தடியில் நின்றுவிட்டேன்.
நேற்று வந்த பதினொரு பேரில்
ஒருவரின் நகமும் எனக்கு ஞாபகமில்லை.