வாழ்நாள் எண்ணெய்

காலையில் முதல் தடவை டி-யில் தள்ளும்போது
ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்.
இரண்டரையில் பிடிக்கிறது.
போன ஆடியில் எண்ண வேண்டியிருக்கவில்லை.

மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.
திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்
அறுபத்திரண்டாயிரத்தில் கைமாற்றிவிட்டார்.
மீதியெல்லாம் நான் ஓட்டியது:
காங்கயம், முத்தூர், வெள்ளகோவில், மூலனூர்,
களம் களமாய்ப் போய்
கொப்பரையை உடைத்து மோந்து பார்த்து
விலை சொல்கிற வேலை.

என் இடது கால்
நாலு வயசிலேயே வேலையை விட்டுவிட்டது.
மிதிக்க ஆளில்லாத கிளட்சை
இந்தப் பெட்டிதான் பதினோரு வருஷமாய்
உள்ளே இருந்து மிதித்துக்கொண்டிருக்கிறது,
பார்க்கவும் முடியாது,
பாராட்டினாலும் கேட்காது.

காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது:
கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாளுக்கும் போதும்,
மாற்றத் தேவையில்லை.
யாருடைய வாழ்நாள் என்று போடவில்லை.

சென்னிமலை ரோட்டில் வேதமணியின் பட்டறை.
"எத்தன தடவ ஆயில் மாத்துனீங் அம்மணி?"
"மாத்துனதே இல்லீங்."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
லிஃப்டில் நின்ற காரின் வயிற்றைப் பார்த்தார்.

வெள்ளைத் தாளில் ரெண்டு சொட்டு விட்டு நீட்டினார்.
புதுசில் மாதுளைச் சாறு மாதிரி இருக்குமாம்.
இது கடுங்காப்பி.
மோந்து பார்த்தேன், கை பழகிப்போன வேலைதானே.
சிக்கு வாடை எனக்குத் தெரியும்,
மழையில் நனைந்த பருப்பின் வாடை தெரியும்,
கந்தகப் புகை போட்டு வெளுத்ததை
பத்தடி தள்ளி நின்றே சொல்லுவேன்.
இது எதுவும் இல்லை.
அடுப்பில் வைத்துவிட்டு
போன் பேசப் போய்விட்டவளின் வாணலி.

எண்ணெய்ச் சட்டியின் அடியில் ஒரு காந்தம்.
அதைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"மாவா இருந்தாப் பரவால்லீங்,
முள்ளா இருந்தாத்தான் வெனை."
விரலில் தேய்த்துப் பார்த்தேன்.
மாவு.
ஒரே ஒரு இடத்தில் ஏதோ குத்தியதைப்போல் இருந்தது.
சொல்லவில்லை.

மிஷின் வைத்து முழுசாய் அலசிவிடலாம் என்றான்
பையன் அப்பாஸ்.
வேதமணி தலையை ஆட்டினார்.
"முச்சூடும் புதுசு ஊத்துனா
தேஞ்ச பிளேட்டு வழுக்கிப்போடுமுங்.
இத்தன நாளா அந்த அழுக்குத்தான்
புடிச்சுட்டு இருந்துருக்கும்."
"மாத்தாம உட்டா?"
"அப்பவும் போயிருமுங்.
நாளுதான் சொல்லத் தெரியாது."

அன்று மத்தியானம் தாராபுரம் ரோட்டில் வரும்போது
ஒரு காற்றாலையின் தலையிலிருந்து
கியர்பாக்ஸைக் கிரேன் இறக்கிக்கொண்டிருந்தது.
இறக்கைகள் மூன்றும் சோளத்தட்டு மேல் படுத்திருந்தன.
டீ குடிக்கிற சாக்கில் அரை மணி நேரம் நின்றேன்.
சுற்றிலும் மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.
ஆடிக்காற்று.

புதுப் பெட்டி ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
காரை விற்றால் தொண்ணூறு தேறும்.
கணக்குப் போடத் தெரிந்தவள்தான்.
போடவில்லை.

"மூணு லிட்டர் எடுத்துட்டு
மூணு லிட்டர் மட்டும் ஊத்துறனுங்.
பழசும் புதுசும் உள்ளார பழகிக்கட்டும்.
ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப்போட்டு
மறுக்கா வாங்க,
இன்னொரு மூணு."

ஆயிரம் என்பது எனக்குப் பதிமூன்று நாள்.
மூத்தூர்க்காரர்கள் பாக்கியைத் தள்ளிப்போடுகிற அளவு.

மறுநாள் காலை, டி-யில் தள்ளினேன்.
ஒன்று.
ரெண்டைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பிடித்தது.
ஆனால் ரெண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்குப் போகையில்
பழைய இடறல் இருக்கத்தான் செய்கிறது,
படி இருக்கிறதென்று நினைத்து
வெறுந்தரையில் கால் வைப்பதைப்போல.
அந்த இடம் வரும்போது
ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கிறேன்.

வெள்ளகோவில் களத்தில்
பருப்பை மோந்துவிட்டுக் கையைப் பார்க்கிறேன்.
நகக்கண்ணில் இன்னும் கருப்பு.
"என்னங்க்கா, வெலை சொல்லுங்" என்கிறார்கள்.