பாதிப் படகு

வீடு அவனுக்கு. நாய் எனக்கு.
படகை என்ன செய்வதென்று
நீதிபதிக்கே விளங்கவில்லை.
உடம்பு வெர்லன் பெயரில், மோட்டார் என் பெயரில்
என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
ஆகவே வியாழன்தோறும் ஐந்தரை மணிக்கு,
கென்டக்கியின் இந்தக் கலங்கல் ஏரியில்,
இரண்டு பேர் வந்தால்தான் ஒரு படகு.

அவன் வண்டியைச் சரிவில் பின்னுக்கு விடுகிறான்.
நான் கணுக்கால் தண்ணீரில் கயிற்றோடு நிற்கிறேன்.
"இன்னும் கொஞ்சம்... போதும்."
மற்ற தம்பதிகள் இங்கேதான் கத்திக்கொள்வார்கள்.
நாங்கள் இங்கே மட்டும் கத்தியதில்லை.

வெயில் சாயும் வரை பாஸ்.
கரையோர வில்லோ நிழலுக்குள்
ரப்பர்த் தவளையை வீசி, நிறுத்தி, ஒரு சுண்டு.
மறுபடி ஒரு சுண்டு.
யாரோ கோபத்தில் கதவை அறைந்து சாத்தியதுபோல்
தண்ணீர் வெடித்தது.
கோல் வளைந்து, படகின் மூக்கு திரும்பி,
கடைசியில் அவன் கட்டைவிரல் அதன் கீழ்த்தாடையில்.
அளவுப் பலகையில் வைத்தான்.
பதினைந்து அங்குலம் இருந்தால்தான் வீட்டுக்கு.
சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.
என்னோடு வாழ்ந்த காலத்தில்
எதையும் கூட்டித்தான் சொல்வான்,
சம்பளம், கிளம்பிய நேரம், குடித்ததை மட்டும் குறைத்து.
"பதினாலே முக்கால்" என்றான்.
விட்டுவிட்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருட்டியதும் கிராப்பி.
தண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கும்
பாப்டிஸ்ட் கோயில் கூரையும்
ஒரே கோட்டில் வரும் இடத்தில் நங்கூரம்.
கீழே பதினாறு அடியில்
எங்கள் கிறிஸ்துமஸ் மரங்கள் கிடக்கின்றன:
ஏழு ஜனவரி, ஏழு மரம்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிமெண்ட் கல்.
முள்ளுக்கு முள் மீன்.
சோனார் திரையில் பச்சைப் புள்ளிகள்
இப்போதும் யாரோ அலங்கரித்துக்கொண்டிருப்பதுபோல்.

கிராப்பியின் வாய் காகிதம்.
வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து போகும்.
தக்கை அசைந்தால் மணிக்கட்டை மட்டும் தூக்க வேண்டும்,
தூங்குகிற பிள்ளையின் கையை விலக்குவதுபோல்.
"மெதுவா" என்றான்.
"தெரியும்" என்றேன்.
ஒவ்வொரு மீனுக்கும் இதே இரண்டு வார்த்தை.

ஒருமுறை தூண்டில் சிக்கியது.
தங்கூஸை விரலில் சுற்றி இழுத்தேன்.
பாசி பிடித்த ஒரு முழ ஜிகினா வந்தது.
எந்த வருஷத்து மரமோ,
சரியாகக் கழற்றாமல் போட்டிருக்கிறோம்.
வெர்லன் அதை வாங்கிச் சட்டையில் துடைத்துப் பார்த்தான்.
பிறகு, பொடிமீன் வாளியைப் பார்த்தபடி:
"போன கிறிஸ்துமஸுக்கும் ஒரு மரம் வாங்கினேன்.
கராஜ் பின்னால் காய்ந்து கிடக்கிறது.
ஒருத்தனால் தூக்கிப் போட முடியாது."

தவளைகள் கத்தின. நிஜத் தவளைகள்.

"வியாழக்கிழமை எடுத்து வா" என்றேன்.
"கல் என்னிடம் இருக்கிறது."

மொத்தம் பதினொன்று.
ஆளுக்கு ஐந்து போக மிஞ்சியதை
என் வாளிக்கு அவன் நகர்த்த, நான் அவன் வாளிக்கு நகர்த்த,
அது துள்ளி நடுவில் விழுந்து
எங்கள் நான்கு கால்களுக்கிடையே
தட்தட்டென்று அடித்துக்கொண்டது.

நங்கூரத்தை அவன் தூக்கினான்.
மோட்டார் என்னுடையது.
மூன்றாவது இழுப்பில்தான் கிளம்பியது.