கிளி இருந்த கட்டில்

இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்
இரண்டு பேர்.
ஒன்று கட்டில். பர்மாத் தேக்கு, தோணியில் வந்தது.
மற்றது நான்.
நடுத்தெருவிலிருந்து நடந்தே வந்தேன்
புது மாப்பிள்ளையாக,
செருப்புக் கடித்த காலோடு.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு.
ஆண் வருவான், துபாய்க்குப் போவான்,
இரண்டு வருஷத்துக்கொரு முறை
அத்தர் வாசத்தோடு வந்து படுப்பான்.
கட்டில் எங்கும் போனதில்லை.

தலைமாட்டில் திராட்சைக் கொடி.
கொடியில் பதினேழு இலை.
பதினாறில் நரம்பு ஓடும், ஒன்றில் இல்லை.
அது கிளி.
ஆசாரி கைப்பழக்கத்தில் செதுக்கிவிட்டான்.
முத்து ஜொஹராவின் பூட்டனார் பார்த்துவிட்டு
'உசிருள்ளது வேணாம் ஆசாரி' என்றாராம்.
உளியைத் திருப்பிப் பிடித்து
அலகைச் சீவி, கண்ணை இழைத்து
இலை என்று சொல்லிக் கூலி வாங்கிப் போனான்.
வால் மட்டும்
இன்னும் வால்தான்.

போன வாரம் காரைக்குடியிலிருந்து
பழைய சாமான் எடுக்கும் உடையப்பன் வந்தார்.
டார்ச் அடித்துக் கால்களைப் பார்த்தார்,
சட்டத்தைத் தட்டிக் காது வைத்தார்,
டேப்பை இழுத்தார்: ஏழுக்கு ஐந்தரை.
பிறகு கதவை அளந்தார்.
மறுபடியும் கதவை அளந்தார்.
'எப்படிங்க உள்ள வந்துச்சு?'

அடுப்படியிலிருந்தே ஜொஹரா சொன்னாள்:
'பலகையா வந்துச்சு.
இங்கெ வந்துதான் கட்டிலாச்சு.'

ஓர் ஆணி கிடையாது.
பூட்டும் கொண்டியும் துருவாய் உதிரும் ஊரில்
உப்புக்காற்று தின்ன
இதில் எதுவும் இல்லை.
ஆப்பைத் தட்டினால் கழன்றுவிடும் என்றார்.
ஒரு விலை சொன்னார்.
மூத்தவளுக்கு மாடி எழுப்ப
சரியாக அவ்வளவுதான் குறைகிறது.
எங்கள் இருவருக்கும் தெரியும்.
அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

சின்னவள் ஸமீஹா தொதல் ஒட்டிய கையோடு
கட்டிலில் ஏறினாள்.
நரம்பில்லாத இலையில்
ஒரு துணுக்கை வைத்து அழுத்தினாள்.
யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.
அந்த இடம் முன்பே கறுத்து
மெழுகுபோலப் பளபளக்கிறது;
எத்தனை பிள்ளைகள் ஊட்டினார்களோ.

உடையப்பன் கர்சீப்பால் துடைக்கப் போனார்.
'இருக்கட்டுங்க' என்றேன்.
அவர் ஐயாயிரம் ஏற்றினார்.

'கழட்டுறதுன்னா
மச்சானையும் சேத்துக் கழட்டிக்கிட்டுப் போங்க'
என்றாள் ஜொஹரா.
சிரித்தோம்.
தேநீர் குடித்தார். அட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்திரி கரண்ட் போன நேரம்
கால்மாட்டு ஆப்பைப்
பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
கொஞ்சம் அசைந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

அவள் மெழுகுவர்த்தி கொண்டு வந்தாள்.
வெளிச்சத்தில் தெரிந்தது
தலைமாட்டில் ஓர் எறும்பு வரிசை,
பதினாறு இலையையும் விட்டுவிட்டு
ஒன்றுக்கே ஏறிக்கொண்டிருந்தது.