இது உங்களுடையதா

ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் படிவம் போய்ச்சேர வேண்டும்.
முதுநிலை விரிவுரையாளர், தரம் ஒன்று.
பக்கம் ஒன்பது: வெளியீடுகள்.

அப்பாவின் முதலெழுத்தோடு நான்கு கட்டுரை,
கணவரின் பெயரோடு ஐந்து,
பிறகு ஒருவரும் இல்லாமல்
வெறும் சிவரூபி என்று இரண்டு.
உலகக் கணக்கில் நான் மூன்று பெண்கள்.
ஒருத்தியை மற்றவள் மேற்கோள் காட்டியதேயில்லை.

கணினி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறது:
இது உங்களுடையதா?

எலிகளின் இடநினைவு, ஒஸ்லோ, 2016.
இல்லை. பெயர் மட்டும் ஒன்று.
பனிக்குள் இருக்கிற அந்தச் சிவரூபிக்கு
எலிகளாவது சொன்ன நேரத்துக்கு வரும்.

இலக்க நினைவு, 2014, மாதிரி நாற்பத்தேழு.
ஓம், என்னுடையது.
வந்தது நாற்பத்தெட்டுப் பேர்.
நான் சொல்லும் இலக்கங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும்,
நான்கு, ஐந்து, ஆறு என்று நீளும்.
பாஷையூர் றெஜினம்மா ஆறில் தடக்கினார்.
பேசாமல் இருந்தார்.
பிறகு தானாகவே ஒன்பது இலக்கம் சொல்லி
முடிவில் 'வீ' என்றார்.
அடையாள அட்டை. மகனுடையது.
விடைத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
'அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை' என்று எழுதி
நீக்கினேன்.

2008இல் ஒன்று. 2010இல் ஒன்று.
இடையில் ஏன் வெறுமை என்று
நேர்முகத்தில் கேட்க மாட்டார்கள்.
குழுவில் ஐந்து பேர்;
ஐந்து பேருக்கும் அந்த வருடம் வெறுமைதான்.

2017. கனக்கச் சண்டைபிடித்தது இதற்குத்தான்.
தெல்லிப்பழைக் கிளினிக்கில் ஒருவரும்
மனச்சோர்வு என்று வந்ததில்லை.
'சரியான யோசனை, மிஸ்' என்றார்கள்.
'யோசனை கூடினால் நெஞ்சு அடைக்குது.'
'யோசியாமல் நித்திரை கொள்ளக் குளிசை தாங்கோ.'
கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்பினேன்.
இரண்டாவது மதிப்பாய்வாளர் ஒரே வரியில் பதில் தந்தார்:
சிந்தித்தல் ஒரு நோய்க்குறி அல்ல.

பதினொரு மாதம் அந்த வரியோடு குடியிருந்தேன்.
பரமேஸ்வராச் சந்தியில் ஸ்கூட்டியை மறித்து நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னாலும்
அவரோடுதான் கதை:
ஐயா, அல்லது அம்மா,
இங்கே நாங்கள் ஆளையாள் பார்த்து
'யோசியுங்கோ' என்று சொல்வது குறைவு.
'யோசிக்காதேங்கோ' என்றுதான் சொல்வோம்,
செத்தவீட்டில், விசா மறுத்த அன்று,
சோதனை மறுமொழி வந்த இரவில்.
கடைசியில், அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார்கள்.
இப்போது அந்த அடிக்குறிப்பைத்தான் எல்லோரும்
மேற்கோள் காட்டுகிறார்கள்.

2019, மூளை அலை, முப்பத்திரண்டு மின்முனை.
தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவும் என்று
அறிவித்தல் ஒட்டியிருந்தோம்.
வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.
கம்பஸுக்கு வருகிற நாளில்
பரட்டைத் தலையோடு எப்படி வருவது?
ஆய்வுகூடத் தொட்டியில், சன்லைட் போட்டு,
பதினாறு தலை கழுவினேன்.
ஒருத்தி குனிந்தபடியே அழுதாள்.
கண்ணுக்குள் நுரை போட்டுதோ என்று கேட்டேன்.
'இல்லை மிஸ், ஆரும் தலை தொட்டுக் கனகாலம்.'
அவளுடைய அலைகள்போல் தெளிவாக
வேறு யாருக்கும் வரவில்லை.
காரணம் எங்களுக்குத் தெரியாது.
முறையியலில் ஒரு வரி:
உச்சந்தோல் முறைப்படி தயார் செய்யப்பட்டது.

முதல் ஆசிரியருக்கு முழுப்புள்ளி,
மூன்றாவது ஆளுக்குக் கால்.
கூட்டிப் பார்த்தேன். அரைப்புள்ளி காணாது.
திரும்பக் கூட்டினேன்.
கரண்ட் போனது. மின்கலத்தில் தொங்கிக்கொண்டு
திரை இன்னும் கேட்டபடி நிற்கிறது.

2014 கட்டுரையின் முடிவுரை என்னிடம் பாடம்:
இந்த மாதிரியில் பெரும்பாலானோருக்கு
ஆறு இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்பதில்லை.

ஒரு தரம்தான் சொன்னார் றெஜினம்மா.
நான் எழுதியும் வைக்கவில்லை.
ஒன்பதும் நிற்கிறது,
'வீ' உட்பட.